பீட்டா குளோபின்: 1,608 எழுத்துகளில் ஒரு மரபணுவின் உள்ளமைப்பு

பீட்டா தாலசீமியா என்பது ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி போதிய அளவில் உருவாகாத பரம்பரை ரத்தநோய். இந்தியாவில் அதை உண்டாக்கும் பிறழ்வுகளில், அதாவது டிஎன்ஏ எழுத்து மாற்றங்களில், மிகப் பரவலானது ஐவிஎஸ் 1-5 என்பது: மரபணுவின் முதல் இடைத்துண்டில் ஐந்தாம் எழுத்து. டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி வந்துவிடுகிறது. ஒரே ஓர் எழுத்துதான் மாற்றம். அந்த எழுத்து எந்த அமினோ அமிலத்தையும் குறிப்பதில்லை. படியெடுத்த சற்று நேரத்தில் வெட்டி வீசப்படும் ஒரு துண்டுக்குள் அது இருக்கிறது. புரதம் செய்ய வாசிக்கப்படும் முழுமையடைந்த பிரதியான எம்ஆர்என்ஏவில் அதற்கு இடமே கிடையாது. ஆனாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்குப் பெரும்பாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டியிருக்கும்.

மரபணு என்பது புரதம் செய்வதற்கான குறிப்பு என்று பாடநூலில் படித்திருப்போம். அந்த வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நோயைப் புரிந்துகொள்ள முடியாது. குறிப்பை எங்கே படிக்கத் தொடங்குவது, எந்த உயிரணுவில் படிப்பது, எங்கே வெட்டுவது, எங்கே முடிப்பது, படித்த பிரதி எவ்வளவு நேரம் நிலைத்திருப்பது என்று சொல்லும் எழுத்துகளும் மரபணுவைச் சேர்ந்தவைதான். அந்த எழுத்துகள் ஒவ்வொன்றின் வேலையும் என்ன என்று அறிய, எச்பிபி என்று குறிக்கப்படும் பீட்டா குளோபின் மரபணுவைவிட நல்ல எடுத்துக்காட்டு மனித உடலில் இல்லை என்பேன். அது சிறியது. அதன் ஒவ்வொரு பகுதியிலும் ஏற்பட்ட பிழை உலகில் எங்கோ ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. எந்த எழுத்து போனால் எந்த வேலை நிற்கும் என்பது நோயாளிகளின் ரத்தத்திலிருந்தே தெரிந்த செய்தி.

எச்பிபி 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், நுனிக்கு அருகில் இருக்கிறது. இப்போது பரவலாகப் பயன்படும் மேற்கோள் மரபணுத்தொகுப்பில் 52,25,464-ஆம் எழுத்திலிருந்து 52,27,071-ஆம் எழுத்து வரை. மொத்தம் 1,608 எழுத்துகள். தரவுத்தளங்களில் இதைத் தேடும் மாணவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் தடுமாறுவார்கள். இந்த மரபணு எதிர் இழையில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அதன் தொடக்கம் பெரிய எண்ணில். முடிவு சிறிய எண்ணில். அரிவாள் அணு சோகைக்குக் காரணமான மாற்றத்தை மருத்துவ நூல்கள் ஏ இடத்தில் டி என்று எழுதும். குரோமோசோம் நிலையைக் காட்டும் கோப்பில் அதுவே டி இடத்தில் ஏ என்று நிற்கும். இரண்டும் ஒரே மாற்றம்தான்; பார்க்கும் இழை வேறு.

இந்த 1,608 எழுத்துகள் ஐந்து துண்டுகளாக அமைந்துள்ளன: எம்ஆர்என்ஏவில் தங்கும் மூன்று எக்சான்கள், வெட்டி நீக்கப்படும் இரண்டு இன்ட்ரான்கள். முதல் எக்சான் 142, முதல் இன்ட்ரான் 130, இரண்டாம் எக்சான் 223, இரண்டாம் இன்ட்ரான் 850, மூன்றாம் எக்சான் 263. இன்ட்ரான்கள் இரண்டும் வெட்டி நீக்கப்பட்டால் 628 எழுத்துள்ள எம்ஆர்என்ஏ மிஞ்சும். அதிலும் முன்னால் உள்ள 50 எழுத்துகளும் பின்னால் உள்ள 134 எழுத்துகளும் புரதமாக வாசிக்கப்படுவதில்லை. நடுவில் உள்ள 444 எழுத்துகள்தான் புரதத்துக்கானவை: 147 அமினோ அமிலங்களும் ஒரு நிறுத்தக் குறியும். முதலில் வரும் மெத்தியோனின் பின்னர் நீக்கப்படுவதால் ரத்தத்தில் ஓடும் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். மரபணுவின் நீளத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமே புரதக் குறிப்பு. மனித மரபணுக்களில் இதுவே தாராளமான விகிதம். பெரும்பாலான மரபணுக்களில் இன்ட்ரான்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல் இடம் பிடித்திருக்கும்.

எச்பிபி தனியாக இருப்பதில்லை. அதே இழையில் எப்சிலான், ஜி-காமா, ஏ-காமா, செயலிழந்த ஒரு போலி மரபணு, டெல்டா, கடைசியாக பீட்டா என்று ஒரு வரிசை இருக்கிறது. கரு வளரும் கால ஒழுங்கும் இதுதான்: முதல் வாரங்களில் எப்சிலான், பிறகு காமா, பிறந்தபின் பீட்டா. பிறந்த குழந்தையின் ஹீமோகுளோபினில் பெரும்பகுதி காமா சங்கிலி கொண்டது. ஓராண்டுக்குள் அது மிகச் சிறு அளவாகக் குறைந்து பீட்டா அதன் இடத்தைப் பிடிக்கும். தாலசீமியா மேஜர் உள்ள குழந்தை பிறக்கும்போது நலமாக இருந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு வெளிறத் தொடங்குவதற்குக் காரணம் இந்த மாற்றம்தான்.

உடலின் எல்லா உயிரணுக்களிலும் எச்பிபி இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணுக்களின் முன்னோடிகளில் மட்டுமே அது வெள்ளமாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தக் கட்டளை மரபணுவுக்குள் இல்லை. எப்சிலானுக்கும் முன்னால், பீட்டாவிலிருந்து 50,000 எழுத்துகளுக்கு அப்பால், எல்சிஆர் எனப்படும் கட்டுப்பாட்டுப் பகுதி உள்ளது. இதன் முக்கியத்துவம் 1980-களின் தொடக்கத்தில் நெதர்லாந்துக் குடும்பம் ஒன்றில் வெளிப்பட்டது. அவர்களின் ஒரு குரோமோசோமில் ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்துகள் தொலைந்துபோயிருந்தன. பீட்டா மரபணு மட்டும், படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் பகுதியான புரோமோட்டரோடு முழுசாக, ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு சங்கிலிகூட வரவில்லை. தொலைந்த பகுதியோடு எல்சிஆர் போயிருந்ததே காரணம். 1987-இல் இந்தப் பகுதியைச் சேர்த்து மனித பீட்டா குளோபினை எலிக்குள் செலுத்தியபோது அது இயல்பான அளவுக்கு வேலை செய்தது. அதற்கு முன் செலுத்தியவை மிகக் குறைவாகவே செயல்பட்டிருந்தன. டிஎன்ஏ இழை வளைந்து எல்சிஆர் மரபணுவின் தொடக்கத்தைத் தொடும்போதுதான் படியெடுப்பு வேகம் பிடிக்கிறது.

தொடக்கத்தை அடுத்திருப்பது புரோமோட்டர். படியெடுப்பு தொடங்கும் எழுத்தை +1 என்று எண்ணினால், அதற்கு முன்னால் 30 எழுத்து தூரத்தில் டாட்டா பெட்டி, 75-ஐ ஒட்டி சிசிஏஏடி பெட்டி, 90-ஐயும் 105-ஐயும் ஒட்டி இரண்டு சிஏசிசிசி பெட்டிகள். டாட்டா பெட்டியில் ஒரு புரதம் பற்றிக்கொண்டு, படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் எங்கே நின்று தொடங்க வேண்டும் என்று நிலைநிறுத்துகிறது. சிஏசிசிசி பெட்டியில் கேஎல்எஃப்1 என்ற சிவப்பணுவுக்கே உரிய புரதம் அமர்கிறது. -28, -29 ஆகிய இடங்களில் ஏ மாறி ஜி வந்தால் டாட்டா பெட்டி பலவீனப்படும். பீட்டா சங்கிலி குறையும், ஆனால் அற்றுப்போகாது. இந்தியர்களிடமும் காணப்படும் -88 மாற்றம் சிஏசிசிசி பெட்டியைக் கெடுக்கிறது. அதுவும் மிதமானதே. புரோமோட்டர் பிழைகள் பொதுவாக உற்பத்தியைக் குறைக்கும். வரும் புரதம் குறையற்றதாகவே இருக்கும்.

புரோமோட்டரின் பலத்தை அளந்து பார்க்க இயற்கையே ஒரு சோதனையை அமைத்து வைத்திருக்கிறது. பக்கத்து மரபணுவான டெல்டா தரும் சங்கிலி பீட்டாவிலிருந்து 146-இல் 10 அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடுகிறது. ஆனால் அதன் புரோமோட்டரில் செயல்படும் சிஏசிசிசி பெட்டி இல்லை. சிசிஏஏடி பெட்டியும் சிதைந்திருக்கிறது. விளைவு, டெல்டா கொண்ட ஹீமோகுளோபின் ஏ2 நம் ரத்தத்தில் 2 முதல் 3 விழுக்காடு அளவே இருக்கிறது. ஏறக்குறைய ஒரே புரதம். நாற்பதில் ஒரு பங்கு உற்பத்தி. குறியீட்டுப் பகுதிக்கு வெளியே உள்ள சில எழுத்துகள் செய்யும் வேறுபாடு இவ்வளவு.

படியெடுப்பு நிமிடத்துக்கு 2,000 முதல் 4,000 எழுத்துகள் என்ற வேகத்தில் நடப்பதால் எச்பிபியைக் கடக்க ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. ஒப்பிட, தசைச் சிதைவு நோயோடு தொடர்புள்ள டிஸ்ட்ரோபின் மரபணு 22 லட்சம் எழுத்துகளுக்கும் மேல் நீளமானது. அதை ஒருமுறை படியெடுக்க சுமார் 16 மணி நேரம். வெளிவரும் ஆர்என்ஏவின் முன்நுனியில் உடனே ஒரு வேதித் தொப்பி பொருத்தப்படுகிறது. நொதிகள் அதை முன்னாலிருந்து அரிக்காமல் காப்பதும், பின்னால் புரதம் செய்யும் எந்திரமான ரைபோசோமை வரவழைப்பதும் தொப்பியின் வேலை. தொப்பி ஏறும் முதல் எழுத்து ஏ-க்குப் பதில் சி ஆகும் பிறழ்வு இந்தியர் ஒருவரிடம் கண்டறியப்பட்டது. விளைவு மிக லேசானது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது பிடிபடாமல் தப்பிவிடும்.

இனி வெட்டி ஒட்டும் கட்டம். ஐவிஎஸ் 1-5 கதை இங்கேதான் இருக்கிறது. மரபணுக்கள் இப்படித் துண்டுதுண்டாக இருப்பதை 1977-இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் ஆகியோரின் குழுக்கள் அடினோ வைரசில் கண்டன. இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. முயல், எலி ஆகியவற்றின் பீட்டா குளோபின் மரபணுக்களிலும் அதே காலத்தில் இன்ட்ரான் கண்டறியப்பட்டது.

இன்ட்ரான் எப்போதும் ஜிடி என்று தொடங்கி ஏஜி என்று முடியும். விலக்குகள் மிகச் சில. ஆனால் இரண்டு எழுத்து மட்டும் போதாது. ஜிடி என்பது எந்த டிஎன்ஏவிலும் சராசரியாகப் பதினாறு எழுத்துக்கு ஒருமுறை வரும். எது உண்மையான வெட்டுமுனை என்று கண்டுபிடிப்பது யூ1 என்ற சிறு ஆர்என்ஏ. தன்னிடமுள்ள எழுத்துகளை வெட்டுமுனையின் ஒன்பது எழுத்துகளோடு இணைசேர்த்துப் பார்த்து அது முடிவு செய்கிறது. யூ1-க்கு முழுமையாகப் பொருந்தும் இன்ட்ரான் தொடக்கம் ஜிடிஏஏஜிடி. மூன்றாம் எழுத்தாக ஜி வந்தாலும் ஏற்கும். எச்பிபியின் முதல் இன்ட்ரான் தொடங்குவதோ ஜிடிடிஜிஜிடி. மூன்றாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் முன்பே பொருந்தவில்லை. ஐந்தாம் எழுத்தான ஜி-யும் ஆறாம் எழுத்தான டி-யும்தான் பிடிப்பைத் தாங்குகின்றன. அந்த ஐந்தாம் எழுத்து சி ஆனால் தாங்குவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. வேறொரு மரபணுவில், மற்ற எழுத்துகள் எல்லாம் பொருந்தியிருக்கும் இன்ட்ரானில், இதே மாற்றம் இவ்வளவு சேதம் செய்யாமல் போகலாம்.

பிடிப்பு தளர்ந்ததும் வெட்டும் எந்திரம் வேலையை நிறுத்திவிடாது. அருகில் தோதாகத் தெரியும் வேறு ஜிடி-யில் வெட்டிவிடும். எச்பிபியில் அப்படி மூன்று மறைமுக வெட்டுமுனைகள் உண்டு. உண்மையான முனைக்கு 38 எழுத்து முன்னாலும் 16 எழுத்து முன்னாலும் முதல் எக்சானுக்குள் இரண்டு. 13 எழுத்து பின்னால் இன்ட்ரானுக்குள் ஒன்று. 38, 16, 13 என்ற மூன்று எண்களுமே மூன்றால் வகுபடாதவை. எந்த முனையில் வெட்டினாலும் அடுத்து வரும் எழுத்துகளின் மூன்று மூன்றான பிரிப்பு குலைந்து, புரதம் உருப்படியாக வராது. ஐவிஎஸ் 1-5 உள்ளவர்களிடம் சிறு பகுதி ஆர்என்ஏ மட்டும் சரியான முனையில் வெட்டப்படுகிறது. அதனால் பீட்டா முற்றிலும் இல்லாமல் போவதில்லை, ஆனால் தேவைக்கு எட்டாது. முதல் எழுத்தான ஜி-யே போனால், அதாவது ஐவிஎஸ் 1-1 என்றால், சரியான வெட்டே நடக்காது, பீட்டா சுழியம். ஆறாம் எழுத்து மட்டும் மாறினால் பாதிப்பு மிதமானது. மத்தியதரைக்கடல் நாடுகளில் அது பரவலாக உள்ளது. ஆறு எழுத்துகளுக்குள் நிற்பவை. மூன்று விதத் தீவிரம்.

மேலே சொன்ன 16 எழுத்து முன்னால் உள்ள மறைமுக முனையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். அது ஜிடிஜிஏஜிஜி. யூ1-க்கு முன்பே பாதிக்கு மேல் பொருந்துவது. ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிக்குக் கோடான் என்று பெயர். 26-ஆம் கோடானில் ஜிஏஜி மாறி ஏஏஜி ஆனால் இந்த முனை ஜிடிஏஏஜிஜி என்று இன்னும் நன்றாகப் பொருந்திவிடுகிறது. இதுதான் ஹீமோகுளோபின் ஈ. தென்கிழக்கு ஆசியாவிலும் வடகிழக்கு இந்தியாவிலும் வங்காளத்திலும் மிகப் பரவலானது, இலங்கையிலும் உண்டு. குளூட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் லைசின் வருவதால் புரதம் மாறுகிறது. அதோடு கொஞ்சம் ஆர்என்ஏ தவறான முனையில் வெட்டுப்பட்டு வீணாவதால் அளவும் குறைகிறது. ஒரே எழுத்து இரண்டு வேலைகளையும் கெடுக்கிறது.

24-ஆம் கோடானில் இன்னும் தெளிவாகப் புரியும். ஜிஜிடி, ஜிஜிஏ இரண்டுமே கிளைசினைக் குறிப்பவை. டி மாறி ஏ ஆனாலும் புரதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாடநூல் கணக்குப்படி இது தீங்கற்ற மாற்றம். உண்மையில் இது அதே மறைமுக வெட்டுமுனையைப் பலப்படுத்தி தாலசீமியாவை உண்டாக்குகிறது. அமினோ அமிலம் மாறவில்லை என்பதை மட்டும் பார்த்து ஒரு பிறழ்வை ஒதுக்கிவிடக் கூடாது என்று மரபணு ஆய்வகங்களில் வற்புறுத்துவது இத்தகைய எடுத்துக்காட்டுகளால்தான்.

இன்ட்ரானின் மறுமுனையிலும் இதே ஆபத்து உண்டு. சைப்ரஸிலும் கிரேக்கத்திலும் பரவலான ஐவிஎஸ் 1-110 பிறழ்வில், இன்ட்ரானின் உள்ளே ஜிஜி என்பது ஏஜி ஆகி, உண்மையான முடிவுக்கு முன்னால் ஒரு போலி முடிவு பிறக்கிறது. எந்திரம் பெரும்பாலும் போலியையே தேர்ந்தெடுக்கும். இன்ட்ரானின் கடைசி 19 எழுத்துகள் எம்ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

வெட்டி ஒட்டி முடிந்த எம்ஆர்என்ஏ உயிரணுவின் கருவுக்கு வெளியே வந்ததும் ரைபோசோம் தொப்பியிலிருந்து நகர்ந்து, 50 எழுத்துகளைத் தாண்டி, முதல் ஏடிஜி-யில் வாசிக்கத் தொடங்குகிறது. அதன்பின் மூன்று மூன்று எழுத்தாக வாசிப்பு. ஒரு கோடான் ஒரே எக்சானுக்குள் அடங்க வேண்டும் என்றில்லை. 30-ஆம் அமினோ அமிலமான ஆர்ஜினினுக்குரிய ஏஜிஜி-யில் முதல் இரண்டு எழுத்துகள் முதல் எக்சானின் கடைசியிலும், மூன்றாவது எழுத்து இரண்டாம் எக்சானின் தொடக்கத்திலும் இருக்கின்றன. வெட்டு ஓரெழுத்து பிசகினாலும் அதற்குப் பின்னுள்ள அத்தனையும் பிழையாகும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

புரதக் குறிப்பில் நேரும் பிழைகளில் எல்லோரும் அறிந்தது அரிவாள் அணு சோகை. 6-ஆம் கோடான் ஜிஏஜி-யிலிருந்து ஜிடிஜி ஆகிறது; குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். 1949-இல் லைனஸ் பாலிங்கின் குழு இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு மாதிரி நகர்வதைக் காட்டியது. வேறுபாடு ஒரே அமினோ அமிலத்தில்தான் என்பதை வெர்னன் இங்கிராம் 1957-இல் உறுதிசெய்தார். நீரை வெறுக்கும் வேலின் ஆக்சிஜன் இழந்த நிலையில் அடுத்த ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியிலுள்ள ஒரு குழிக்குள் பொருந்தி, சங்கிலிபோல் நீண்டு, அணுவையே வளைத்துவிடுகிறது. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது 1952-இல், நீலகிரி மலைவாழ் மக்களிடம். அரபு-இந்திய வகை எனப்படும் இந்தியக் குரோமோசோம்களில் ஜி-காமாவின் புரோமோட்டரில் -158-ஆம் இடத்தில் சி மாறி டி இருக்கிறது. இவர்களிடம் கருக்கால ஹீமோகுளோபின் சற்று அதிகமாகத் தங்குவதால் நோய் பலருக்கு ஆப்பிரிக்க வகைகளைவிட மிதமாக இருக்கிறது. ஒரு மரபணுவின் பிழையைப் பக்கத்து மரபணுவின் புரோமோட்டர் தணிக்கிறது.

இந்த மாற்றம் ஆய்வகத்துக்கு ஒரு வசதியும் தந்தது. எம்எஸ்டி-2 என்ற வெட்டுநொதி சிசிடி, பிறகு ஏதேனும் ஓரெழுத்து, பிறகு ஏஜிஜி என்ற வரிசையைக் கண்டால் வெட்டும். இயல்பான மரபணுவில் 5, 6-ஆம் கோடான்களை ஒட்டி சிசிடிஜிஏஜிஜி இருக்கிறது. அரிவாள் பிறழ்வில் அந்த ஏ போய்விடுவதால் நொதி வெட்டாது. ஆகவே இயல்பான மரபணுப் பிரதி 1,150, 200 எழுத்து நீளமுள்ள இரு துண்டுகளாகும். பிறழ்ந்த பிரதி 1,350 எழுத்துள்ள ஒரே துண்டாக நிற்கும். டிஎன்ஏ வரிசையை நேரடியாக வாசிப்பது மலிவாகும் வரை கருவிலேயே நோயைக் கண்டறிய இந்த முறை பயன்பட்டது.

எழுத்து சேர்ந்தாலோ விட்டுப்போனாலோ நிலைமை வேறு. இந்தியாவில் பரவலான மற்ற இரண்டு பிறழ்வுகள் 8, 9-ஆம் கோடான்களுக்கிடையே ஒரு ஜி கூடுதலாக நுழைவதும், 41, 42-ஆம் கோடான்களில் நான்கு எழுத்துகள் விடுபடுவதும். வாசிப்பின் மூன்றெழுத்துப் பிரிப்பு நழுவி, கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தக் குறி வந்துவிடும். சார்டினியாவில் பரவலான 39-ஆம் கோடான் பிறழ்வில் சிஏஜி நேரடியாகவே டிஏஜி என்ற நிறுத்தக் குறியாகிறது.

இப்படிப் பாதியில் நிற்கும் எம்ஆர்என்ஏவை உயிரணு எப்படி அடையாளம் காண்கிறது என்பதில் எக்சான் அமைப்புக்குப் பங்கு இருக்கிறது. இரண்டு எக்சான்கள் ஒட்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு புரதக் கூட்டம் அடையாளமாக விடப்படும். முதன்முறை கடந்துசெல்லும் ரைபோசோம் அவற்றைத் தள்ளிவிட்டுப் போகும். கடைசி ஒட்டுமுனைக்கு 50, 55 எழுத்துகளுக்கும் முன்பாகவே ரைபோசோம் நின்றுவிட்டால் கடைசி அடையாளம் அகலாமல் இருக்கும். அதைக் கண்டு உயிரணு அந்த எம்ஆர்என்ஏவையே அழித்துவிடும். எச்பிபியின் கடைசி ஒட்டுமுனை 104-ஆம் கோடானை அடுத்து வருகிறது. 39-ஆம் கோடானில் நின்றால் அழிப்பு நடக்கும். அரைகுறைப் புரதம் சேராது. தாய், தந்தையிடமிருந்து வரும் இரு மரபணுப் பிரதிகளில் மற்றது நலமாக இருந்தால் அந்த நபர் லேசான சோகையோடு, பிறழ்வைச் சுமக்கும் வெறும் கேரியராக வாழ்வார்.

121-ஆம் கோடானில் நிறுத்தக் குறி வந்தால் நிலைமை தலைகீழ். அது கடைசி எக்சானில் இருப்பதால் அழிப்பு நடக்காது. நீளமாக வளர்ந்தும் முழுமையடையாத சங்கிலி உற்பத்தியாகி, மஜ்ஜையில் உள்ள முன்னோடி அணுக்களில் படிந்து அவற்றைக் கொல்கிறது. ஒரே ஒரு பிரதி பழுதானாலே நோய். அதிகப் புரதத்தை இழக்கும் பிறழ்வு சாதுவாகவும், கொஞ்சம் மட்டும் இழப்பது கொடியதாகவும் இருப்பதை இந்த ஒட்டுமுனை விதி இல்லாமல் விளக்க முடியாது.

வால்பகுதியில் இருப்பது ஏஏடிஏஏஏ என்ற ஆறெழுத்துக் குறி. இதைக் கண்டதும் ஒரு புரதக் கூட்டம் சற்றுத் தள்ளி ஆர்என்ஏவை வெட்டி, ஏறத்தாழ 200 ஏ-க்கள் கொண்ட வாலை ஒட்டுகிறது. இதில் டி மாறி சி ஆனால் வெட்டு சரியான இடத்தில் நிகழாமல் படியெடுப்பு நீண்டுகொண்டே போகும். நூற்றுக்கணக்கான எழுத்துகள் கூடுதலாகக் கொண்ட, நிலையற்ற ஆர்என்ஏ பிறக்கும். குளோபின் எம்ஆர்என்ஏ மற்றவற்றைவிட நெடுநேரம் நிலைக்க வேண்டியது. கருவை இழந்தபின்னும் இளம் சிவப்பணு ஓரிரு நாள் முன்பே எடுத்த பிரதிகளை வைத்தே ஹீமோகுளோபின் செய்தாக வேண்டும். இந்த நீடிப்பை எம்ஆர்என்ஏ மருந்துகளை வடிவமைப்போரும் எடுத்தாண்டார்கள். பீட்டா குளோபினின் வால்பகுதியை அடுத்தடுத்து இருமுறை ஒட்டுவது ஓர் உத்தி. ஃபைசர்-பயோஎன்டெக் கொரோனா தடுப்பூசியின் முன்பகுதி ஆல்பா குளோபினைத் தழுவியது.

எச்பிபியைப் பார்த்து எல்லா மரபணுவும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதரிடம் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000. பெரும்பாலானவற்றின் புரோமோட்டரில் டாட்டா பெட்டி கிடையாது; சி, ஜி அடர்ந்த பகுதியில் படியெடுப்பு தொடங்கும். பலவற்றில் எக்சான்களை வெவ்வேறு விதமாகச் சேர்த்து ஒரே மரபணுவிலிருந்து பல புரதங்கள் வரும். எச்பிபியில் அது இல்லை. டைட்டின் மரபணுவில் 363 எக்சான்கள். ஆனால் வெட்டுமுனை, கடைசி ஒட்டுமுனை, வால் குறி ஆகியவை பற்றி மேலே சொன்னவை பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

இவையெல்லாம் மரபணுப் பரிசோதனை அறிக்கையை வாசிக்கும்போது உதவும். பழைய பெயரிடலில் கோடான் எண்ணிக்கை மெத்தியோனினை விட்டுத் தொடங்கும். இன்றைய சர்வதேச முறை அதைச் சேர்த்து எண்ணும். எனவே அரிவாள் பிறழ்வு ஓர் அறிக்கையில் 6-ஆம் இடம், மற்றொன்றில் 7-ஆம் இடம். ஐவிஎஸ் 1-5 புதிய முறையில் சி.92+5 என்று வரும்: புரதக் குறிப்பின் 92-ஆம் எழுத்தோடு எக்சான் முடிந்து, அதன்பின் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்து. கணவன் அறிக்கை பழைய முறையிலும் மனைவி அறிக்கை புதிய முறையிலும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு பிறழ்வு என்று தவறாக நினைக்க இடமுண்டு.

ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி பரிசோதனை கேரியரைக் கண்டறிவது ஹீமோகுளோபின் ஏ2 3.5 விழுக்காட்டைத் தாண்டுவதை வைத்துத்தான். பீட்டா குறைவதால் டெல்டாவின் பங்கு உயர்ந்து தெரிகிறது. கடுமையான இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தால் ஏ2 குறைந்துபோய் கேரியர் நிலை மறையலாம். தொப்பி எழுத்துப் பிறழ்வு போன்ற லேசானவற்றில் ஏ2 உயராமலே போகலாம். டிஎன்ஏ வாசிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. சிந்தி, குஜராத்தி மக்களிடம் பரவலான ஒரு பிறழ்வில் இரண்டாம் இன்ட்ரானின் ஒரு பகுதி தொடங்கி மரபணுவின் இறுதியையும் தாண்டி 619 எழுத்துகள் ஒட்டுமொத்தமாக இல்லை. டிஎன்ஏவை நகலெடுக்கப் பயன்படும் தொடக்கத் துண்டு (பிரைமர்) ஒட்ட வேண்டிய இடமே அந்தப் பிரதியில் இல்லாவிட்டால் மற்றைய நல்ல பிரதி மட்டும் பெருகும். முடிவு இயல்பு என்று வரும். அதனால்தான் இந்த இழப்பின் இருபுறமும் தொடக்கத் துண்டு வைத்துத் தனியாகச் சோதிக்கிறார்கள். ஏ2 உயர்ந்திருந்தும் வரிசை வாசிப்பில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், இழப்புகளுக்கான சோதனை நடந்ததா என்று கேட்பது நியாயம்.

மரபணு சிகிச்சையைத் திட்டமிட்டவர்கள் இந்தப் பகுதிகளில் எவை இன்றியமையாதவை என்பதைக் கைப்பட அறிய நேர்ந்தது. ஒரு வழி எச்பிபியைத் தொடாமலே விடுவது. காமாவை அடக்கி வைத்திருக்கும் பிசிஎல்11ஏ என்ற புரதத்தின் மரபணு 2-ஆம் குரோமோசோமில் உள்ளது. அதன் இன்ட்ரானுக்குள் சிவப்பணு முன்னோடிகளில் மட்டும் வேலை செய்யும் ஒரு தூண்டுபகுதி இருக்கிறது. அதைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு வெட்டினால் காமா மீண்டும் தலையெடுக்கும். காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா அடுத்த மாதமும் அனுமதி அளித்தன.

மற்ற வழி, நல்ல பீட்டா குளோபின் மரபணுவை, அதைச் சுமந்து செல்லும் லென்டி வைரஸில் ஏற்றி ரத்தக் குருத்தணுவுக்குள் செலுத்துவது. புரதத்துக்கான 444 எழுத்துகளை மட்டும் ஏற்றினால் தேவையான அளவு வரவில்லை. இன்ட்ரான்கள் வேண்டியிருந்தன, முக்கியமாக இரண்டாம் இன்ட்ரான் இல்லாமல் நிலையான எம்ஆர்என்ஏ சேராது. ஆனால் வைரஸ் தன் மரபணுத்தொகுப்பை ஆர்என்ஏவாக எடுத்துச் செல்லும்போது இன்ட்ரான்கள் வெட்டுப்பட்டுவிடும். ஆகவே மரபணுவைத் திசை திருப்பி வைத்தார்கள். வைரஸின் ஆர்என்ஏவில் வெட்டுமுனைகள் எதிர்ப்புறமாக அமைவதால் அவை வெட்டப்படுவதில்லை. முன்னால் எச்பிபியின் சொந்தப் புரோமோட்டர், எல்சிஆரிலிருந்து இரண்டு, மூன்று, நான்காம் பகுதிகள். வைரஸின் கொள்ளளவு போதாததால் இரண்டாம் இன்ட்ரானில் 372 எழுத்துகள் குறைக்கப்பட்டன. அமெரிக்காவில் 2022-இல் தாலசீமியாவுக்காக அனுமதி பெற்ற சிகிச்சையின் உள்ளடக்கம் இது. அதில் 87-ஆம் அமினோ அமிலமான திரியோனின் வேண்டுமென்றே குளூட்டமின் ஆக்கப்பட்டிருக்கிறது. அரிவாள் வேலின் போய்ப் பொருந்தும் குழியை அது தடுக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு பீட்டா புதிய மரபணுவிலிருந்து வருகிறது, ஏற்றிய ரத்தத்திலிருந்து எவ்வளவு என்று எச்பிஎல்சியில் பிரித்து அளக்கவும் உதவுகிறது.